எட்டாயிரம் ரூபாய்க்கு எந்தப் பல்?

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். போன பொங்கலுக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்த கையோடு போனை என்னிடம் நீட்டி, "மாமா, எட்டாயிரம் ரூவா சேத்து வச்சிருக்கேன், இந்த மொசாசர் தாடைய வாங்கிரலாமா?" என்று கேட்டான். படத்தில் செங்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் கல். அதில் மூன்று பற்கள், மூன்றும் பளபளவென்று, நுனிகூட உடையாமல், அளவெடுத்த மாதிரி ஒரே இடைவெளியில் நின்றன. விலை 85 டாலர்.

"வேண்டாம்லே" என்றேன். "அப்ப எதை வாங்க?" என்றான். அதற்குள் அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்புறம் போனில் துண்டு துண்டாகப் பல நாள் பேசினோம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இவை டைனோசர் பற்கள் இல்லை. டைனோசர்கள் தரையில் திரிந்த காலத்தில் கடலை ஆண்டுகொண்டிருந்த வேறு ஊர்வனவற்றின் பற்கள். சேர்ப்பவர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று கூட்டத்தைச் சேர்ந்தவை. மொசாசர், உடும்புக்கும் பாம்புக்கும் சொந்தம், கைகால்கள் துடுப்பாக மாறிய நீண்ட உடம்பு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோதே அதுவும் அழிந்தது. பிளீசியோசார், நான்கு துடுப்புகள், பல இனங்களுக்கு நீண்ட கழுத்து, அதுவும் அதே சமயத்தில் போய்விட்டது. இக்தியோசார், பார்வைக்கு ஓங்கில் (டால்பின்) மாதிரி இருக்கும், ஆனால் வால் மீனுக்கு இருப்பதுபோலச் செங்குத்தாக நிற்கும். இது மற்ற இரண்டுக்கும் வெகுமுன்னாலேயே, 9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, முடிந்துபோனது.

இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குவானேன், நம்ம பக்கம் தேடினால் கிடைக்காதா என்றும் அவன் கேட்டான். நல்ல கேள்விதான். தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அரியலூரிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, இரண்டு இடத்திலும் சிமெண்ட் ஆலை, அரியலூர்க் கல்லில் சிப்பியும் நத்தையுமாகக் கிடைக்கும்போது தாழையூத்தில் ஏன் கிடைக்காது? காரணம் கல்லின் வயதும் அது பட்ட பாடும். அரியலூர்க் கல், கடலடியில் படிந்தது படிந்தபடி அப்படியே இறுகியது. தாழையூத்துக் கல் அதைவிடப் பலமடங்கு பழையது, பூமிக்குள் ஆழத்தில் வெந்து, பளிங்கு போலப் படிகமாகிவிட்டது. உடைத்துப் பார்த்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி மின்னும். அதற்குள் முன்பு என்ன இருந்திருந்தாலும் இப்போது அடையாளம் இருக்காது. பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள மற்றப் பாறைகளும் அப்படி வெந்து உருமாறியவைதான். தெற்கே கடலோரம் உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் கல் இளசு, சிப்பிகள் தெரியும், ஆனால் அவை மொசாசர்களெல்லாம் அழிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனபிறகு வந்தவை. செந்தேரி மணல் அதைவிடவும் இளசு. ஆக, திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பல்லுக்காகத் தோண்ட வேண்டாம், நேரம்தான் வீணாகும்.

இனி அவன் காட்டிய தாடைக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை வாங்குகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் கை வைப்பது இதில்தான். நானும் வைத்தேன்.

ஆறு வருஷம் முன்னால் நான் வாங்கியது இரண்டு சாண் நீளத்தில் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், நகை செய்யும் சித்தப்பாவிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸை வாங்கிவந்து பார்த்தபோது, பல்லும் கல்லும் சேருமிடத்தில் ஒரு கண்ணாடிக்கோடு தெரிந்தது, அதில் மணிமணியாகக் காற்றுக்குமிழிகள். மனசு கேட்கவில்லை. எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கல்லின் ஒரு மூலையை மட்டும் அதில் இருக்கும்படி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த மூலை கரைந்துபோனது, தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. அப்புறம் முழுசையும் ஊறவைத்தேன். மறுநாள் காலையில் தட்டில் இருந்தவை: ஒரு குவியல் மஞ்சள் மணல், எந்த உயிரினத்தினுடையது என்று சொல்ல முடியாத எலும்புத் துணுக்குகள் ஏழெட்டு, மூன்று பற்கள்.

பற்கள் மூன்றும் நிஜம். அதுதான் இதில் வேதனை. ஆனால் மூன்றும் மூன்று வேறு பிராணிகள். ஒன்று மெல்லிய மொசாசர் பல். ஒன்று தடித்த வேறு மொசாசர் பல், அதை முன்னும் பின்னும் திருப்பி ஒட்டியிருந்தார்கள், வளைவு தொண்டையை நோக்கிப் போகாமல் மூக்கை நோக்கிப் போனது. மூன்றாவதைப் படமெடுத்து விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். டைரோசாரஸ் என்கிற முதலை வகையறா என்றார். மொராக்கோவில் டைரோசாரஸ் பற்கள் நிறைய வருவது மொசாசர்களெல்லாம் செத்து ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் கழித்துப் படிந்த மேலடுக்கில். எதிரெதிரே ஒருநாளும் பார்த்திராத பிராணிகளை ஒரே தாடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

விற்றவர் தெரிந்தே செய்தாரா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இந்தத் தாடைகள் எப்படி வருகின்றன என்பதுதான் முக்கியம். மொராக்கோவில் கூரிப்கா என்ற ஊரைச் சுற்றி பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கின்றன. கடலடியில் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளாகப் படிந்த அடுக்குகள் அவை. கீழடுக்கில் மொசாசர், மேலடுக்கில் சுறாவும் முதலையும். உலகத்தின் பாஸ்பேட் இருப்பில் பெரும்பங்கு அந்த நாட்டில்தான். உரத்துக்காகத் தோண்டுகிறார்கள், தோண்டும்போது பற்கள் வருகின்றன, வந்துகொண்டே இருக்கின்றன. இந்தியா இறக்குமதி செய்யும் பாஸ்பேட்டிலும் மொராக்கோவின் பங்கு பெரியது. பிசான நெல்லுக்கு வயலில் வீசும் டிஏபி உரத்தில் அந்தப் பழைய கடலின் ஒரு சிட்டிகை கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் தாமிரபரணி வாய்க்கால் ஓரமாகப் போகும்போது நினைவுக்கு வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த பாஸ்பேட் மண் உதிரி மண். முழுத் தாடை அதில் அப்படியே கல்லோடு பெயர்ந்து வருவது அபூர்வம். வந்தாலும் 85 டாலருக்கு வராது. ஆனால் உதிரிப் பற்கள் கூடை கூடையாகக் கிடைக்கும். உதிரிப் பல்லைவிடத் தாடைக்கு நல்ல விலை போகும் என்பதால், சுரங்கத்து மணலையே பசையில் குழைத்து, எலும்புத் துணுக்கு வைத்து, பற்களை நட்டுவிடுகிறார்கள். மணல் நிஜம், பல் நிஜம், எலும்பு நிஜம், சேர்த்துவைத்ததுதான் பொய். அதனால்தான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒன்று சொல்லியாக வேண்டும், பசை இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. நிஜத் தாடையையும் உதிராமல் காக்கப் பசை ஊற்றித்தான் ஆக வேண்டும், உடைந்த பல்லை ஒட்டுவதும் நேர்மையான வேலைதான், விற்பவர் அதைச் சொல்லிவிட்டால் போதும். பார்க்க வேண்டியது வேறு. பற்கள் எல்லாம் ஒரே அளவில், சேதமே இல்லாமல், சமமான இடைவெளியில் நின்றால் சந்தேகப்படுங்கள். உயிரோடு இருந்த தாடையில் ஒரு பல் முழுசாக இருக்கும், பக்கத்துப் பல் விழுந்திருக்கும், அடுத்த குழியில் புதுப் பல் பாதி முளைத்திருக்கும், ஏனென்றால் மொசாசருக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. உவரிப் பக்கம் மீனவர்கள் வீட்டில் காயவைத்த சுறாத்தாடை பார்த்திருந்தால் தெரியும், நிஜத் தாடையின் ஒழுங்குக்குள்ளேயே ஒரு ஒழுங்கின்மை உண்டு. கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் வைத்து அடித்தால் பசை பல நேரம் தனி நிறத்தில் ஒளிரும். ஆனால் இதெல்லாம் பொருள் கைக்கு வந்தபிறகு செய்கிற சோதனை, அப்போது காசு போயிருக்கும். அதனால்தான் மருமகனிடம் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன்.

அப்படியென்றால் உதிரிப் பல். என் தீர்ப்பு இதுதான், முதல் பல் வாங்குபவர் மொராக்கோ மொசாசர் உதிரிப் பல் ஒன்றை, வேர் இல்லாமல், கொஞ்சம் தேய்ந்ததாக, எந்தச் சுரங்கப் பகுதி என்று எழுதிக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டும். ஓரங்குல நீளச் சாதாரணப் பல் 10 டாலரிலிருந்து 25 டாலருக்குள் கிடைக்கிறது. பல நேரம் பல்லைவிடத் தபால் செலவு அதிகம், அதற்குமேல் சுங்கவரி, தபால்காரர் கொண்டுவரும்போது கையில் பணம் வைத்திருக்க வேண்டும்.

வேர் ஏன் வேண்டாம்? மொசாசர் பல்லின் வேர், கிரீடம் எனப்படும் வெளியே தெரியும் பகுதியைவிடப் பெருத்தது, பீப்பாய் மாதிரி உப்பியிருக்கும், தாடையெலும்போடு ஒட்டிப்போயிருக்கும். வேரோடு இருந்தால் விலை கூடும். விலை கூடும் என்பதாலேயே, வேரில்லாத பல்லுக்கு மணலிலும் எலும்புத்தூளிலும் வேர் செய்து ஒட்டுகிறார்கள். வேரில்லாத பல்லில் யாரும் மெனக்கெட்டு ஏமாற்றுவதில்லை, ஏமாற்றி மிஞ்சப்போவது ஒன்றுமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. வேரில்லாத பற்களில் பல, பிராணி உயிரோடு இருக்கும்போதே உதிர்ந்தவை. அடியிலிருந்து முளைக்கும் புதுப் பல் பழைய பல்லின் வேரை மெல்ல மெல்லக் கரைத்துவிடும், கடைசியில் கிரீடம் மட்டும் ஏதோ ஒரு மீனைக் கடிக்கும்போது கழன்று விழும். நாம் பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டுமேல் எறிந்தோமே, அதற்குள் அங்கே ஈறில் புதுப் பல் தலைகாட்டிக்கொண்டிருக்கும், அதே கதைதான்.

என் மேசையில் இப்போது இருப்பது அப்படி ஒன்று. 28 மில்லிமீட்டர். நிறம் கருப்பட்டிப் பாகு, அடிப்பக்கம் வெளுத்துப் பனங்கிழங்கு நிறம். முன்னும் பின்னும் இரண்டு வெட்டுவிளிம்புகள், நகத்தை வைத்து இழுத்தால் பிடிக்கிறது. வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் உருண்டை, குறுக்கே வெட்டினால் பாதி நிலா மாதிரி இருக்கும். வெளிப்பக்கத்தில் பட்டை தீட்டின மாதிரி நீளவாக்கில் மெல்லிய தளங்கள், வெளிச்சத்தில் சாய்த்தால் ஒவ்வொன்றாக மின்னி மறையும். இந்தத் தளங்கள் மொசாசாரஸ் போஜெய் இனத்தைக் காட்டுபவை என்கிறார்கள். அடியில் ஒரு குழி, கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டிக் குடைந்தது போல, புதுப் பல் முட்டிய இடம். நுனியில் அரை மிளகு அளவுக்கு ஒரு தேய்மானம், விரலில் வழவழவென்று படுகிறது. எனாமல் முழுக்கத் தலைமுடி போன்ற விரிசல்கள், எந்த இரண்டும் ஒரே திசையில் போகவில்லை. இவ்வளவு ஒழுங்கில்லாமல் யாராலும் செய்ய முடியாது.

அந்தத் தேய்மானத்தைக் குறை என்று சொல்லி இரண்டு டாலர் குறைத்துக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் பல்லின் உயிர். 2022இல் மொராக்கோவின் இதே அடுக்கிலிருந்து தலாசோடைட்டன் என்ற பெரிய மொசாசரை விவரித்தபோது, ஆராய்ச்சியாளர்கள் அது மற்றப் பெரிய பிராணிகளைக் கடித்துத் தின்றது என்ற முடிவுக்கு வர உதவியவற்றில், உடைந்தும் தேய்ந்தும் போயிருந்த அதன் பற்கள் முக்கியமானவை. பளபளப்பான பல்லை வைத்து அதைச் சொல்லியிருக்க முடியாது.

மொசாசரிலேயே எந்த வகை என்று கேட்டால், கூர்மையாகவும் மெலிதாகவும் இருப்பது ஒன்று, தடித்துக் கூம்பாக இருக்கும் பிரொக்னதோடான் ஒன்று, இரண்டும் மலிவு, இரண்டும் நல்லவை. குளோபிடென்ஸ் என்று ஒன்று உண்டு, காளான் குடை மாதிரி உருண்டைப் பல், சிப்பியை நொறுக்கித் தின்ன ஏற்றது. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு. முதல் பல்லாக வேண்டாம், மூன்றாவதாக வாங்கலாம்.

பெயரை நம்பி வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிராணிகளின் பெயர்கள் நிலையாக இல்லை. 2012இல் எரெமியாசாரஸ் என்று ஒரு புது மொசாசர் வந்தது, 2022இல் தலாசோடைட்டன் வந்தது, ஒவ்வொரு முறையும் பழைய பெயரில் விற்ற பல் எந்தப் பெயருக்குப் போகும் என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. உதிரிப் பல் ஒன்றை வைத்து இனம் சொல்வது நிபுணர்களுக்கே சிரமம். ஆனால் எந்த ஊர், எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு என்பது மாறாது. அது இருந்தால் பெயரைப் பிறகு சரிசெய்யலாம். அது இல்லாத பல், எவ்வளவு அழகாக இருந்தாலும், முகவரி கிழிந்த கடிதம். அதனால் விற்பவரிடம் முதல் கேள்வி "எந்த இடம்?" இரண்டாவது கேள்வி "ஏற்றுமதி அனுமதி இருக்கிறதா?" மொராக்கோவிலிருந்து பாஸில், அதாவது புதைபடிவம், வெளியே போக அந்நாட்டு அனுமதி வேண்டும். இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லாமல் தள்ளுபடி பற்றிப் பேசுபவரை விட்டுவிடுங்கள்.

பிளீசியோசார் பல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெலிந்து, வளைந்து, உருண்டையாக, வெட்டுவிளிம்பு இல்லாமல், மேலிருந்து கீழாக நூல் நூலான வரிகளோடு இருக்கும். பார்க்க மொசாசரைவிட நளினம். கூரிப்காவிலிருந்து வருவதற்கெல்லாம் ஸராஃபசாரா என்று பெயர் போட்டுவிடுகிறார்கள், 2011இல் ஒரு மண்டையோட்டுக்கு வைத்த பெயர் அது, ஒட்டகச்சிவிங்கிக்கான அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கழுத்து நீளமாச்சே, பொருத்தமான பெயர்தான், ஆனால் ஒவ்வொரு உதிரிப் பல்லும் அதனுடையதுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விலை மொசாசரைவிட இரண்டு மூன்று மடங்கு, மெலிவு காரணமாக நடுவில் உடைந்து ஒட்டியது நிறைய. இரண்டாவது பல்லாக வாங்குங்கள், லென்ஸில் பார்க்கப் பழகியபிறகு.

இக்தியோசார் பல் வெளிநாட்டுச் சந்தையில் இங்கிலாந்திலிருந்துதான் அதிகம் பேசப்படும். 1811, 1812 வாக்கில் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அன்னிங்கும் அவள் அண்ணனும் முதல் பெரிய எலும்புக்கூட்டை எடுத்தார்கள், அவளுக்கு அப்போது 12 வயது. அந்தக் கரைப் பல் சின்னதாக இருக்கும், கறுப்பாக இருக்கும், விலை கூடுதல். எட்டாயிரத்தில் அதை வாங்கினால் வேறு எதற்கும் மிஞ்சாது. நான் அதைப் பரிந்துரைக்காததற்கு விலை மட்டும் காரணமில்லை. இக்தியோசார் நம்மிடமே இருக்கிறது.

ஆமாம், திருச்சிக்கு வடக்கே. பாடாலூரிலிருந்து உள்ளே போனால் காரை என்று ஒரு ஊர். அதைச் சுற்றி மழை அறுத்த களிமண் மேடுகள், ஒரு புல் கிடையாது, வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு போல மின்னும், பென்சில் துண்டு போன்ற பெலம்னைட்டுகள் (கணவாய்க்குச் சொந்தமான பழைய பிராணிகளின் உள்ளோடுகள்) காலில் தட்டுப்படும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி அது. 1860களில் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பகுதியை வரைபடமாக்கி எழுதினார். 1879இல் லைடெக்கர் என்ற ஆராய்ச்சியாளர், திருச்சிப் பகுதியில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். காரைப் பக்கத்துக் களிமண்ணில் இக்தியோசார் பற்களும் கிடைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வந்திருக்கின்றன. 2017இல் குஜராத்தின் கச்சில் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள, கிட்டத்தட்ட முழு இக்தியோசார் எலும்புக்கூடே வெளியானது. நம்ம காரை அதைவிட இளசு, இக்தியோசார்கள் பூமியில் கடைசியாக நீந்திய காலத்தை ஒட்டியது. அந்த மேட்டில் நிற்கும்போது எனக்கு அதுதான் மனசில் ஓடியது, இது அந்தக் கூட்டத்தின் கடைசி வீடுகளில் ஒன்று.

அப்படியென்றால் அங்கே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடலாமே, செலவு பஸ் காசுதானே? இந்த இடத்தில்தான் மருமகனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "கீழ கெடக்கத எடுத்தா என்ன மாமா, மழைல அடிச்சுட்டுத்தான போகும்?" என்றான். அவன் சொல்வதில் பாதி உண்மை. மழை அடித்துக்கொண்டு போகும். ஆனால் மொராக்கோவில் சுரங்க இயந்திரம் வருஷம் முழுக்கத் தோண்டி மொசாசர் பற்களை லட்சக்கணக்கில் வெளியே தள்ளுகிறது, நாம் ஒன்றை வாங்குவதால் அறிவுக்குப் பெரிய நஷ்டமில்லை. காரையில் ஊர்வனப் பல் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அதில் ஒன்றை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால், அது எந்த அடுக்கில், எந்தச் சிப்பியோடு கிடந்தது என்ற சேதி என் வீட்டு அலமாரியோடு முடிந்துவிடும். பாஸில்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் ஒரு சட்ட வரைவு வெளியிட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், நம் மண்ணில் இவ்வளவு அபூர்வமாக இருக்கும் ஒன்றை நாமே சிதறடிக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏதாவது பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு அனுப்புங்கள்.

ஆனால் போங்கள், கண்டிப்பாகப் போங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் போனால் மழை புதிதாகக் கழுவிவிட்ட தரை கிடைக்கும், வெயிலும் தாங்கும். மழை நாளில் போனால் களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் போகவே போகாதீர்கள், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அதே சுற்றில் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்க்கலாம், 18 மீட்டர் நீளம், கம்பி வேலிக்குள் படுத்திருக்கிறது. வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல்பிராணியின் பாஸிலைப் பார்த்ததும் என் அம்மா, "இது சாளக்கிராமம்லா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். நவதிருப்பதிப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கடல் பாஸிலுக்குத் திருமஞ்சனம் நடந்துகொண்டிருக்கிறது.

மிச்சம் இருப்பது ரெசின் வார்ப்பு. நிஜப் பல்லிலோ தாடையிலோ அச்சு எடுத்து வார்த்தது. அதை வார்ப்பு என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. பெரிய தாடை ஒன்று மேசையில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்றால் பொய்த் தாடையைவிட நேர்மையான வார்ப்பு ஆயிரம் மடங்கு மேல், வடிவமாவது சரியாக இருக்கும். மருமகனுக்கு அது ஆகவில்லை. "அது தொட்டதில்லையே மாமா" என்றான். கடலைத் தொட்டதில்லை என்று சொல்ல வந்தான். எனக்கு அவன் சொன்னது புரிந்தது.

கணக்குக்கு வருவோம். பல்லுக்கும் தபாலுக்கும் வரிக்கும் சேர்த்து நாலாயிரம். லென்ஸுக்கு ஐந்நூறு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். காரைப் பயணத்துக்கு, இரண்டு பேருக்கு ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரம். மிச்ச ஐந்நூறு டப்பாவுக்கும் பசைக்கும். பசை என்றால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசை கிடையாது, அது ஒருதடவை ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது, நாளாக ஆகப் பழுப்பேறும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிளாஸ்டிக் மணிகளை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துப் பல்லின் விரிசல்களில் தடவினால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே கழுவியும் விடலாம். மணலைச் சுத்தம் செய்ய வினிகரோ எலுமிச்சையோ போடக் கூடாது, பல்லும் அமிலத்தில் கரையும். மென்மையான பிரஷ் போதும். நம்ம ஊர் வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள், காய்ந்து எனாமல் செதில் செதிலாகக் கிளம்பும். பஞ்சில் வைக்காதீர்கள், நார் விரிசலில் சிக்கிக்கொண்டு எடுக்கும்போது துணுக்கோடு வரும். மெல்லிய நுரைத் தாளில் பல்லின் வடிவத்துக்குக் குழி வெட்டி வைத்தால் நல்லது.

அப்புறம் சீட்டு. அதுதான் முக்கியம், அதற்குக் காசும் ஆகாது. இடம், அடுக்கு, வாங்கிய தேதி, யாரிடம், இதெல்லாம் மையில். இனத்தின் பெயர் மட்டும் பென்சிலில்.

ஆனி மாசம் அவன் ஒரு படம் அனுப்பினான். நுரைக்குழிக்குள் 22 மில்லிமீட்டரில் ஒரு தடித்த பல், நுனி மழுங்கியது, ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில் சீட்டு. "சிதி ஷென்னான், கூரிப்கா, மொராக்கோ" என்று நீல மையில். அதற்குக் கீழே பென்சிலில், "பிரொக்னதோடான்?" தை பிறந்ததும் காரைக்கு எந்த ரயில் என்று அடுத்த செய்தியில் கேட்டிருந்தான்.